இடது பக்கக் கதவு

கார்களை இடித்து நசுக்குவதற்கு எனக்கு மாதச் சம்பளம் தருகிறார்கள். பெங்களூரில், வீடியோ கேம் தயாரிக்கும் ஓர் அலுவலகத்தில் வேலை. ஒரு பெரிய நகரத்தைத் திரைக்குள் கட்டிவைத்து, எந்த வண்டியை வேண்டுமானாலும் எடுத்துக்கொண்டு எங்கு வேண்டுமானாலும் திரியலாம் என்று ஆடுபவரை அவிழ்த்துவிடுகிற வகை விளையாட்டு. அந்த வண்டிகள் எதன்மீதாவது மோதினால் எந்த இடம் எவ்வளவு நசுங்க வேண்டும், கண்ணாடியில் விரிசல் எந்தப் பக்கமாக ஓட வேண்டும், பம்பர் ஒரு பக்கம் தொங்கித் தரையில் உரசிக்கொண்டே வருமா அல்லது ஒரேயடியாகக் கழன்று விழுமா, புகை எப்போது வெளுப்பாக வரும், எப்போது கறுக்கும் என்பதையெல்லாம் முடிவு செய்கிற நாலைந்து பேரில் நானும் ஒருத்தி. ஊரில் யாராவது என் வேலையைப் பற்றிக் கேட்டால் அம்மா “கம்ப்யூட்டர்ல” என்பதோடு நிறுத்திக்கொள்வாள். பெண் பிள்ளை கார் இடிக்கிறாள் என்று சொன்னால் எந்த மாப்பிள்ளை வீட்டார் படியேறுவார்கள் என்பது அவள் கவலை.

கார் இடிப்பதில் என் அனுபவம் ஒன்பது வயதில் தொடங்குகிறது. ஆனால் அதைச் சொல்வதற்கு முன்னால் என் காதைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

எங்கள் ஊர் நீடாமங்கலத்துக்குப் பக்கம், வெண்ணாற்றுத் தண்ணீர் பாயும் ஊர். அந்த ஊரில் ஒன்பது வயதாகியும் காது குத்தாத பெண்ணாக நான் ஒருத்திதான் இருந்தேன். காது குத்த வேண்டுமென்றால் தாய்மாமன் மடி வேண்டும். எனக்குத் தாய்மாமன் ஒருவர்தான். அவரோ மடியைத் தர மாட்டேன் என்றார். மாட்டேன் என்று வாய்விட்டுச் சொன்னதில்லை. ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒன்று குறுக்கே வந்தது. ஒற்றைப்படை வயதில்தான் குத்துவது வழக்கம். மூன்றாம் வயதில் எல்லோரும் வேனில் குலதெய்வம் கோயிலுக்குக் கிளம்பிப்போய், வழியில் வண்டி பழுதாகித் திரும்பிவிட்டோம் என்பது எனக்குச் சொல்லப்பட்ட வரலாறு. ஐந்தாம் வயதில் மாமாவுக்கு நடவு வேலை. ஏழாம் வயதில் மாமாவுக்கு இடுப்புப் பிடிப்பு. இப்போது ஒன்பது நடந்துகொண்டிருந்தது.

பள்ளிக்கூடத்தில் என்னை மூளிக்காதி என்று கூப்பிட்டார்கள். நான் சும்மா இருப்பேனா? அம்மாவின் ஸ்டிக்கர் பொட்டு அட்டையிலிருந்து சிவப்பாக இரண்டை எடுத்துக் காது மடலில் ஒட்டிக்கொண்டு போவேன். காலை பிரேயர் வரைக்கும் தோடு மாதிரியே இருக்கும். வெயில் ஏற ஏற வியர்வையில் நழுவி ஒன்று கழுத்துக்கும் இன்னொன்று சட்டைக் காலருக்கும் வந்துவிடும். மதியத்துக்குள் மறுபடியும் மூளிக்காதி.

“வேற யாராவது ஒண்ணுவிட்ட மாமன் மடியில வெச்சுக் குத்திடேன்” என்று அத்தை ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். சிங்கப்பூரில் வேலை பார்த்த அப்பாவும் போனில் அதையே சொன்னார். அம்மா இருவருக்கும் ஒரே பதில்தான் சொன்னாள்.

“என் தம்பி குத்துக்கல்லாட்டம் இருக்கையில எம் புள்ள ஊரான் மடியில போயி உக்காரணுமா? எத்தனை வருஷம் ஆனாலும் அவன் மடிதான்.”

அம்மாவின் இந்தப் பிடிவாதத்தின்மேல் எனக்கு அப்போது ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. மடி என்றால் மடி. அது யாருடையதாக இருந்தால் என்ன?

மாமா பக்கத்துத் தெருவில் இருந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கொஞ்சம் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து உழுதுகொண்டிருந்தார். முன்பு சொந்தமாக ஒரு வேன் வைத்து வாடகைக்கு ஓட்டியவராம். எனக்கு நினைவு தெரிந்து அவர் சைக்கிளைத் தவிர வேறு எதையும் தொட்டதில்லை. மன்னார்குடிக்கும் சைக்கிள், கும்பகோணத்துக்கும் சைக்கிள். பஸ்ஸில் ஏறினாலும் பின்பக்கமாய்ப் போய்க் கண்ணை மூடிக்கொள்வார். ஏன் என்று கேட்டால், மாமாவுக்குப் பெட்ரோல் வாசனை ஒத்துக்கொள்ளாது என்றார்கள். நானும் நம்பினேன். எனக்குப் பாகற்காய் ஒத்துக்கொள்ளாதபோது அவருக்குப் பெட்ரோல் ஒத்துக்கொள்ளாமல் போகக் கூடாதா?

இன்னொன்றையும் நம்பினேன். என் தாடைக்குக் கீழே விரல் நீளத்துக்கு ஒரு தழும்பு இருக்கிறது. சின்ன வயதில் வாசல் நிலைப்படியில் விழுந்து அடிபட்டது என்று சொல்லியிருந்தார்கள். அதற்குப் பழிவாங்க, போகும்போதும் வரும்போதும் அந்த நிலைப்படியை ஓர் உதை உதைத்துவிட்டுத்தான் தாண்டுவேன். நிலைப்படியை மிதித்தாலே லட்சுமி போய்விடுவாள் என்று வந்தவர் போனவரையெல்லாம் அதட்டுகிற அம்மா, நான் உதைப்பதை மட்டும் ஒரு நாளும் கண்டுகொண்டதில்லை.

அந்தக் கோடையில் அப்பா விடுமுறைக்கு வந்தபோது தஞ்சாவூரிலிருந்து ஒரு கம்ப்யூட்டரை வாங்கி வந்து கூடத்தில் வைத்துவிட்டுப் போனார். என் படிப்புக்கு என்று பெயர். இன்ஜினீயரிங் படித்துக்கொண்டிருந்த பெரியப்பா மகன் ஒரு நாள் வந்து, படிப்புக்குத் தேவையான எதையும் அதில் போடாமல், ஒரே ஒரு விளையாட்டைப் போட்டுக்கொடுத்துவிட்டுப் போனான். கடலோரத்தில் ஏதோ ஒரு வெளிநாட்டு நகரம். ஓட்டுவதற்குக் கார்கள், லாரிகள். கண்டிப்பதற்கு யாருமில்லை.

நான் இடித்தேன். விளக்குக் கம்பத்தை இடித்தேன், சுவரை இடித்தேன், எதிரே வந்தவனை இடித்தேன். முதல் இடியில் ஹெட்லைட் உடையும். இரண்டாவதில் பானெட் மடங்கிக் கண்ணை மறைக்கும். அடுத்து கதவு படபடவென்று அடித்துக்கொண்டு வந்து எங்கேயோ விழுந்துவிடும். அதற்குமேலும் விடாமல் இடித்தால் வெள்ளைப் புகை, கறுப்புப் புகை, அடியில் நெருப்பு. நெருப்பைப் பார்த்ததும் இறங்கி ஓடிவிட வேண்டும். இப்போது எனக்குத் தெரியும், அந்தக் காலத்துக் கம்ப்யூட்டருக்கு நிஜமாக எதையும் நசுக்கத் தெரியாது. நல்ல கதவு ஒன்று, நசுங்கிய கதவு ஒன்று என்று இரண்டை முன்னாலேயே செய்துவைத்திருப்பார்கள். மோதியதும் நல்லதை எடுத்துவிட்டு நசுங்கியதை மாட்டிவிடும். அவ்வளவுதான் வித்தை. அதனால் நீங்கள் மாட்டின்மேல் மோதினாலும் மலையின்மேல் மோதினாலும் கதவு ஒரே மாதிரிதான் நசுங்கும். உள்ளே இருக்கும் இருக்கைக்கு நசுங்கியது என்று ஒன்றைச் செய்துவைக்கவே இல்லை. ஆகவே அது நசுங்காது.

அந்த விளையாட்டுக்குள் மாமா வந்தது மின்வெட்டால். கரண்டு போனதும் யூபிஎஸ் கீச்கீச்சென்று கத்த ஆரம்பிக்கும். வீட்டில் ஏதோ வெடிக்கப்போகிறது என்று பயந்துபோய் அம்மா மாமாவைக் கூப்பிட்டு அனுப்பினாள். மாமா சைக்கிளை வேப்பமரத்தில் சாத்திவிட்டு உள்ளே வந்தார். அதற்குள் கரண்டு வந்துவிட்டது. நான் மறுபடி காரை எடுத்துக்கொண்டு போய் ஒரு சுவரில் மோதினேன். சத்தம் கேட்டு மாமா திடுக்கிட்டுத் திரும்பினார்.

“என்ன பாப்பா இது?”

“வண்டி மாமா. ஓட்டிப் பாக்கறீங்களா? இதுல பெட்ரோல் வாசனை வராது.”

அம்மா சமையல்கட்டு வாசலில் அப்படியே நின்றுவிட்டாள். மாமா அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்வதற்குத்தான் வாயெடுத்தார் என்று நினைக்கிறேன். ஆனால் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். கீபோர்டை விரல் நுனியால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஸ்டீயரிங்கைத் தொட்டுக் கும்பிடாமல் எந்த டிரைவர் வண்டியெடுப்பார்?

அன்றிலிருந்து தினமும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மாமா வர ஆரம்பித்தார். அவர் ஓட்டுவதைப் பார்ப்பதுபோல ஒரு வேதனை உலகத்தில் கிடையாது. சிவப்பு விளக்கு எரிந்தால் நிற்பார். பாதசாரியைக் கண்டால் அரை மைலுக்கு முன்பே ஹாரன் அடிப்பார். திரும்புவதற்கு முன்னால், நாற்காலியிலிருந்து கையை வெளியே நீட்டி சிக்னல் காட்டுவார். என் மூக்கில் இரண்டு தடவை இடித்திருக்கிறார்.

இவ்வளவு ஒழுங்காக ஓட்டியும் அவரை எல்லோரும் வந்து வந்து மோதினார்கள். காரணம் எளிது. அந்த ஊரில் வலது பக்கம்தான் போக வேண்டும், ஸ்டீயரிங்கும் இடது பக்கம் இருக்கும். மாமா நம்மூர் வழக்கப்படி இடது ஓரமாகவே போனார். எதிரே வருகிற லாரிக்காரனைப் பார்த்து, “ஏம்ப்பா, ஒம் பக்கம் போயேன்” என்று பொறுமையாகச் சொல்வார். நான் எத்தனை தடவை எடுத்துச் சொல்லியும் கேட்கவில்லை. “அவனுங்க தப்பா வந்தா நாமளும் தப்பா போவணுமா?” என்றார்.

ஒரு கம்பத்தில் லேசாக உரசி ஹெட்லைட் உடைந்த அன்று வண்டியை நிறுத்திவிட்டார். இறங்கி, வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவந்தார். குறிப்பாக இடது பக்கம் போய் நின்று பார்த்தார். அப்புறம் அங்கேயே நின்றார்.

“போங்க மாமா.”

“இரு. போலீஸ் வரட்டும்.”

“யாரும் வர மாட்டாங்க மாமா.”

“இடிச்சிட்டு நிக்காம போறதா? என்ன ஊரு இது?”

நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். பிறகு அவருக்கு அந்த ஊரின் பெரிய அதிசயத்தைக் காட்டினேன். பெயின்ட் கடை ஒன்று இருந்தது. எவ்வளவு உருக்குலைந்த வண்டியானாலும் அதற்குள் நுழைந்தால் ஷட்டர் இறங்கும். மறுபடி ஏறும்போது வண்டி புத்தம் புதிதாக, வேறு நிறத்தில் வெளியே வரும். மாமா அதை ரசிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் முகம் இறுகிவிட்டது.

“அவ்வளவுதானா?” என்றார்.

“அவ்வளவுதான் மாமா.”

“இடிச்சது இடிச்சதுதானே பாப்பா. பெயின்ட் அடிச்சா ஆச்சா?”

அதற்குப் பிறகு அந்தக் கடைப் பக்கமே அவர் போகவில்லை. உடைந்த ஹெட்லைட்டோடுதான் ஓட்டினார். அவருடைய நேர்மை எனக்கு எரிச்சலாக இருந்தது.

விடுமுறை முடியும் தறுவாயில் ஒரு சிக்கல் வந்தது. நகரத்தின் நடுவே ஓர் ஆறு. அதன்மேல் பாலம். ஒரு பெண்ணைப் பக்கத்தில் ஏற்றிக்கொண்டு பாலத்தைத் தாண்டி அக்கரையில் கொண்டுபோய்விட்டால்தான் அடுத்த பகுதி திறக்கும். நான் ஓட்டினால் பாதி வழியிலேயே நெருப்புப் பிடித்துவிடும். என் கணக்கில் அதற்குத் தகுந்த ஆள் மாமாதான். அவரோ ஒரே பிடியாக மறுத்தார்.

“ஆளெல்லாம் ஏத்த வேணாம். நாம மட்டும் போவோம். பாலம் வேணாம், இந்தப் பக்கமே சுத்துவோம்.”

மறுநாளும் அதே பதில். அதற்கு மறுநாளும் அதே பதில். பள்ளிக்கூடம் திறக்கப்போகிறது, மூளிக்காதோடு அடுத்த வகுப்புக்குப் போகப்போகிறோம், போதாததற்கு அக்கரையையும் பார்க்காமல் போகப்போகிறோம் என்று எனக்கு எல்லாமாகச் சேர்ந்து அழுகை வந்துவிட்டது. எழுந்து நின்று கத்தினேன்.

“காதும் குத்த மாட்டேங்கிறீங்க! பாலமும் தாண்ட மாட்டேங்கிறீங்க! நீங்க எதுக்குத்தான் மாமா?”

சமையல்கட்டில் பாத்திரச் சத்தம் நின்றது. இப்படிப் பேசியதற்கு அம்மாவின் கரண்டி எந்த நிமிடமும் பறந்து வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. மாமா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். என் காதில் அன்றைக்கு ஒரே ஒரு பொட்டுதான் மிச்சம் இருந்தது. பிறகு கீபோர்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

“ஏத்து, அந்தப் பொண்ணை” என்றார்.

பெண் ஏறி வலது பக்க இருக்கையில் உட்கார்ந்தாள். மாமா மாட்டுவண்டி வேகத்தில் பாலம் வரைக்கும் வந்தார். பாலத்தில் ஏறியதும் வழக்கம்போல இடது ஓரம். எதிரே ஒரு லாரி வந்தது. அந்த ஊரில் அது அவனுடைய பக்கம், அவன் ஏன் விலகப்போகிறான்? மாமா கடைசி நேரத்தில் ஒடித்தார். லாரி இடது பக்கத்தை வாரிக்கொண்டு போனது. கார் கைப்பிடிச் சுவரை உடைத்துக்கொண்டு சரிந்து, ஆற்றங்கரை மண்ணில் வந்து விழுந்து நின்றது. இடது பக்கக் கதவு தனியாகப் பறந்துபோய் விழுந்தது. கண்ணாடி இல்லை. பானெட்டிலிருந்து வெள்ளையாகப் புகை கிளம்பியது.

மாமா இரண்டு கையையும் கீபோர்டிலிருந்து எடுத்து அந்தரத்தில் வைத்துக்கொண்டிருந்தார். அவருடைய சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

“பாப்பா... கதவு...”

“கதவு போயிடுச்சு மாமா. சீக்கிரம் இறங்குங்க, தீப்பிடிச்சிடும்!”

“உள்ள இருந்த பொண்ணு?”

அவர் நகர்கிற வழியாக இல்லை. நானே குறுக்கே புகுந்து, இறங்குகிற பொத்தானை அழுத்தினேன். கதவு போன பக்கமாக அவருடைய ஆள் இறங்கி நின்றான். அந்தப் பக்கம் இருந்தவன் அவன்தானே. பின்னாலேயே மறுபக்கமிருந்து அந்தப் பெண்ணும் இறங்கினாள்.

“ஒண்ணும் ஆகலியா?” என்றார் மாமா. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

“ஒண்ணும் ஆகல. பாருங்க, நிக்குது.”

“நல்லா பாத்துச் சொல்லு பாப்பா.”

“அட, கதவுதான் மாமா போச்சு. உள்ள இருந்தவளுக்கு ஒண்ணும் ஆகல. நல்லாத்தான் இருக்கா!”

இதை நான் கொஞ்சம் அலுத்துக்கொண்டே சொன்னேன். எத்தனை முறைதான் சொல்வது? இதற்குள் அந்தப் பெண் இடுப்பில் கை வைத்துக்கொண்டு மாமாவின் ஆளைப் பார்த்து இங்கிலீஷில் படபடவென்று பொரிய ஆரம்பித்துவிட்டாள்.

“என்ன சொல்லுது?” என்று கேட்டார் மாமா.

“திட்டுது மாமா.”

“திட்டட்டும்” என்றார். முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு மறுபடியும், “திட்டட்டும். நல்லா திட்டட்டும்” என்றார். அப்புறம் சிரித்தார். திட்டு வாங்கிச் சந்தோஷப்படுகிற மனிதரை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். அவள் நிறுத்தியதும் “இன்னும் கொஞ்சம் திட்டச் சொல்லேன்” என்றுகூடக் கேட்டார். அதற்கெல்லாம் பொத்தான் இல்லை.

பிறகு என் தாடையைப் பிடித்து, முகத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பி, கீழே இருந்த தழும்பைக் கட்டை விரலால் தடவிப் பார்த்தார். மாம்பழச் சாறு ஒட்டியிருக்கிறது போலும் என்று நான் அவசரமாகப் பாவாடையால் துடைத்துக்கொண்டேன். அந்த நேரம் பார்த்துக் கரண்டு போய் யூபிஎஸ் கத்த ஆரம்பித்தது. மாமா அதை அணைக்கக்கூட இல்லாமல் எழுந்து கொல்லைக்குப் போனார். சமையல்கட்டிலிருந்து எப்போது போனாளோ, அம்மா அங்கே பாயில் காயும் வடகத்துக்குக் காவலாகக் கையில் குச்சியோடு நின்றுகொண்டிருந்தாள்.

“அக்கா, நாள் பாரு” என்றார் மாமா.

அம்மா குச்சியைக் கீழே போட்டுவிட்டு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அன்றைக்குக் காக்கைகளுக்கு நல்ல வேட்டை.

அடுத்த முகூர்த்தத்திலேயே போனோம். வேதாரண்யத்துக்குத் தெற்கே, உப்பளங்களைத் தாண்டி எங்கள் குலதெய்வம் இருக்கிறது. பஸ்ஸில்தான் போனோம். மாமா இந்தத் தடவை பின்னால் போய்க் கண்ணை மூடிக்கொள்ளவில்லை. பக்கத்தில் சீட் காலியாக இருக்க, ஒன்பது வயதுப் பெண்ணான என்னை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். கால் இரண்டும் தரையைத் தொட்டன. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. திருத்துறைப்பூண்டி தாண்டி ஒரு மதகுப் பாலம் வந்தபோது என்னை அவர் இறுக்கிப் பிடித்த பிடியில் விலா எலும்பு வலித்தது. மதகு போன பிறகும் விடவில்லை. அம்மா திரும்பிப் பார்த்தாள். விடச் சொல்லவில்லை.

கோயிலில் ஆசாரி ஊசியை எடுத்ததும் மாமாவின் தொடை நடுங்குவது எனக்குத் தெரிந்தது. குத்தப்போவது என் காதை. நடுங்குவது இவர். “பயப்படாதீங்க மாமா, எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்குமாம்” என்று நான்தான் அவருக்குத் தைரியம் சொன்னேன். எறும்பு கடித்த மாதிரி இல்லை. நான் போட்ட கூச்சலில் உப்பளத்தில் நின்ற கொக்குகள் அத்தனையும் கிளம்பிப் பறந்தன என்று பெரியப்பா மகன் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பான்.

தாய்மாமன் சீராக மாமா ஒரு ஜோடித் தோடு கொண்டுவந்திருந்தார். சிவப்புக் கல் வைத்தது. போட்டுப் பார்த்தால் மிளகு அளவுக்கு இருந்தது. சின்னக் குழந்தைக்குப் போடுகிற தோடு அது. ஸ்டிக்கர் பொட்டே இதைவிடப் பெரியது என்று நான் முணுமுணுத்தேன். அது புதிதாக வாங்கியதல்ல, ஆறு வருஷமாக அவருடைய டிரங்குப் பெட்டியில் காத்துக்கிடந்த தோடு என்பது எனக்கு எப்படித் தெரியும்?

அந்த வருஷம் சம்பாவுக்கு மாமா டிராக்டர் ஓட்டினார். அவருடைய பெட்ரோல் ஒவ்வாமை டீசலில் தீர்ந்துவிட்டது என்று நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். சில வருஷங்கள் கழித்துக் கல்யாணமும் செய்துகொண்டார். இப்போது சின்னதாக ஒரு கார் வைத்திருக்கிறார். நான் ஊருக்கு வரும்போதெல்லாம் விடியற்காலையில் நீடாமங்கலம் ஸ்டேஷனில் அந்தக் காரோடு நிற்பார். முன்கதவைத் திறக்கப் போனால், “முன்னாடி வேணாம் பாப்பா, பின்னாடி உக்காரு” என்பார். பெரிய படிப்புப் படித்த மருமகளுக்கு மரியாதை கொடுக்கிறார் என்று நினைத்துக்கொள்வேன்.

போன பொங்கலுக்கு வந்தபோது, அடுப்படியில் உட்கார்ந்து அம்மாவிடம் என் வேலையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போதெல்லாம் உண்மையான கார்களையே விளையாட்டில் வைக்கிறோம். அதற்குக் கார் செய்பவர்களிடம் அனுமதி வாங்க வேண்டும். அவர்கள் பானெட் நசுங்கலாம் என்பார்கள், கதவு கழன்று போகலாம் என்பார்கள், ஆனால் ஆள் உட்காருகிற இடம் மட்டும் எவ்வளவு மோதினாலும் நசுங்குவதுபோலக் காட்டக் கூடாது என்பார்கள். இதைச் சொல்லிவிட்டு, “மாமாவும் அவங்களை மாதிரிதாம்மா. இன்னும் என்னை முன்னாடி உக்கார விட மாட்டேங்கிறார், அரிசி மூட்டை மாதிரி பின்னாடி போட்டுக்கிட்டு வர்றார்” என்று சிரித்தேன்.

அம்மா சிரிக்கவில்லை. அடுப்பைத் தணித்துவிட்டு, “உனக்கு இனிமே சொன்னா என்ன” என்றாள்.

மூன்றாம் வயதில் வண்டி பழுதாகவில்லை. மாமாதான் ஓட்டினார். அம்மா முன்சீட்டில், இடது பக்கம், நான் அவள் மடியில். திருத்துறைப்பூண்டி தாண்டி வரும் அந்த மதகுப் பாலத்தில் எதிரே வந்த லாரிக்கு ஒதுங்கப்போய் வேன் கைப்பிடிச் சுவரில் மோதியது. இடது பக்கக் கதவு பிய்த்துக்கொண்டு போனது. கதவோடு நானும் போனேன். நடவு முடிந்த வயலின் சேற்றில் விழுந்ததால் பிழைத்தேன். கதவின் தகடு கிழித்த இடம்தான் தாடையில் இருப்பது. தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் நான் கண் திறந்து பேசும்வரை மாமா உள்ளே வராமல் வாசல் புளியமரத்தடியிலேயே கிடந்திருக்கிறார். அம்மா அவரை ஒரு வார்த்தை திட்டவில்லையாம். அப்பாவும் திட்டவில்லை.

“திட்டியிருந்தா அவன் சீக்கிரம் தேறியிருப்பான்னு இப்ப தோணுது” என்றாள் அம்மா.

பிள்ளை வளர்ந்து மாமனைப் பார்த்துப் பயந்துவிடக் கூடாது என்று, விஷயம் என் காதில் விழவே கூடாது என்று, தெருவில் ஒவ்வொரு வீடாகப் போய்ச் சொல்லியிருக்கிறாள். ஊர்வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். பெண் பார்க்க வருகிற செய்தியை அரை நாள்கூட ஒளித்துவைக்கத் தெரியாத எங்கள் தெரு, இதை மட்டும் இத்தனை வருஷம் வாயைக் கட்டிக் காப்பாற்றியிருக்கிறது. என்னை மூளிக்காதி என்று கூப்பிட்ட பிள்ளைகளின் அம்மாக்களும் அதில் சேர்த்தி. அவர்கள் ஒவ்வொருவருக்கும் நான் கடன்பட்டவள். வேறு மடி வேண்டாம் என்று தம்பிக்காகக் காத்திருந்த அம்மாவுக்கும் நான் நன்றி சொல்ல வேண்டும். இருக்கைக்கு நசுங்கியது என்று ஒன்றைச் செய்யாமல் விட்ட, முகம் தெரியாத அந்த வெளிநாட்டுக்காரருக்கும் சொல்ல வேண்டும். அவர் சோம்பலில்தான் விட்டிருப்பார். அதனாலென்ன, அவருக்கும் கோடி புண்ணியம்.

அன்று வெளியே வரும்போது நிலைப்படியில் நின்று, பாவம், அதைக் குனிந்து தொட்டுக் கும்பிட்டேன்.

வாசலில் மாமா காரைத் துடைத்துக்கொண்டிருந்தார். இடது பக்கக் கதவை மட்டும் இன்னொரு தடவை துடைத்தார். அந்தக் கோடையின் மதியம் எனக்கு நினைவுக்கு வந்தது. நல்லா பாத்துச் சொல்லு பாப்பா என்று அவர் கேட்டபோது நான் திரையைப் பார்த்துத்தான் பதில் சொன்னேன். அவர் திரையைப் பார்க்கவே இல்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே இருந்தவளுக்கு ஒன்றும் ஆகவில்லை, நல்லாத்தான் இருக்கிறாள் என்று, உள்ளே இருந்தவளே அவருக்குச் சொன்னாள். அது அவளுக்குத்தான் தெரியாது.